நின்னுபோன வண்டிகளின் வரலாறு

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லித் தப்பிச்சுடலாம். ஆனா உண்மைக் காரணம் வேற. எழுத நினைச்ச விஷயம் என் மானத்தை வாங்கின விஷயம். அதான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்த ராத்திரி. கடந்துச்சுன்னு சொல்றதே தப்பு, வந்து அப்படியே குந்திக்கிச்சு. மறுநாள் காலை எட்டரை மணி வரைக்குமான 24 மணி நேரத்துல 46 செ.மீ.க்கு மேல மழை. நம்ம ஊருக்கு வருஷம் முழுக்கப் பெய்யுறதே சுமார் 130 செ.மீ.தான். அதுல மூணுல ஒரு பங்கை ஒரே நாள்ல கொட்டிட்டுப் போயிடுச்சு. கிருஷ்ணா நகர்ல ஆளுங்களை வெளியே கொண்டுவர ராணுவமே வந்துச்சு.

எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. வாசல்ல நின்ன என் கார் பானெட் வரைக்கும் முங்கிக் கிடந்துச்சு. பொட்டி தட்டிச் சம்பாதிச்ச காசுல வாங்கின முதல் கார், செகண்ட் ஹேண்ட்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தண்ணி முழங்காலுக்கு இறங்கினதும், வண்டியை மேட்டுல கொண்டுபோய் நிறுத்தலாம்னு சாவியை எடுத்துக்கிட்டு இறங்கிட்டேன். மாடியிலிருந்து அப்பா கத்தினார்: "டேய், ஸ்டார்ட் பண்ணாதடா!"

நான் பி.இ. மெக்கானிக்கல். அவர் எட்டாங்கிளாஸ். ஸ்டார்ட் பண்ணினேன்.

'டொக்'னு ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். கனெக்டிங் ராடு வளைஞ்சு போச்சு. பில் ஒரு லட்சத்துச் சொச்சம். இன்சூரன்ஸ்ல போய்க் கேட்டா, "வெள்ளத்துல நனைஞ்ச சீட்டுக்கும் ஒயரிங்குக்கும் குடுப்போம் சார். இன்ஜின், நீங்க ஸ்டார்ட் பண்ணினதால வந்த சேதம். அதுக்குத் தனியா ஆட்-ஆன் எடுத்திருக்கணும்"னு சொல்லிட்டாங்க.

அப்பா அன்னிக்கு ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னும் வலிக்குது. அவர் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல புதுச்சேரியில அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினவர். அந்த வண்டி எத்தனையோ மழையில தண்ணிக்குள்ள நின்னிருக்கு. ஒருமுறைகூட இன்ஜின் செத்ததில்ல. என் வண்டி ஒரே நாள்ல செத்துச்சு. ஏன்? இந்த ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுத் தேடப்போய்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்துவேன், பொறுத்துக்குங்க மக்களே.

தள்ளு வண்டி

நம்ம ஊர்ல மோட்டாருக்கு முந்தி வெள்ளைக்காரத் துரைமார் ஊர் சுத்தினது பூஸ்-பூஸ் வண்டியில. பிரெஞ்சுல 'பூஸ்'னா தள்ளு. பழைய போஸ்ட் கார்டு படங்கள்ல இன்னிக்கும் பார்க்கலாம். மத்த ஊர் ரிக்‌ஷாவுல ஆள் முன்னாடி நின்னு இழுப்பார். நம்ம ஊர் வண்டியில பின்னாடி நின்னு தள்ளுவார். அப்ப யார் ஓட்டுறது? உள்ளே உக்காந்திருக்கிற துரைதான். முன் சக்கரத்தோட இணைஞ்ச ஒரு நீளக் கைப்பிடி அவர் கையில இருக்கும். ஆக, ஸ்டியரிங் துரை கையில, இன்ஜின் நம்ம ஆளு. அந்த வண்டிக்கு ரிப்பேர்னா பெரும்பாலும் தள்ளுறவரோட முதுகுக்கும் முட்டிக்கும் வந்த ரிப்பேர்தான். அதைப் பார்க்கப் பட்டறை எதுவும் இருந்திருக்காது.

அப்புறம் 'ஆட்டோமொபைல்' வந்துச்சு. இதுவும் பிரெஞ்சுக்காரங்க குடுத்த பேர்தான். தானா நகரும் வண்டின்னு அர்த்தம். பேர்தான் அப்படி. முதல் எழுபது எண்பது வருஷத்துக்கு அதுவும் அடிக்கடி தள்ளு வண்டியாத்தான் இருந்துச்சு :-)

பட்டறைப் பேச்சுல ஒளிஞ்சிருக்கிற வரலாறு

கார் எப்படியெல்லாம் கெட்டுப்போகும்ங்கிறதோட வரலாறு நம்ம பட்டறை வார்த்தைகள்லயே இருக்கு. 'ஷோஃபர்'னா பிரெஞ்சுல சூடேத்துறவன்னு அர்த்தம். நீராவி வண்டிக்கு அடுப்பு மூட்டினவங்களைக் கூப்பிட்ட பேரு, பின்னாடி கார் ஓட்டுறவங்களுக்கு ஒட்டிக்கிச்சு. 'கராஜ்', 'சேசிஸ்' ரெண்டும் பிரெஞ்சுதான். பிரெஞ்சுக்காரங்க 1954 நவம்பர் 1 அன்னிக்கு நிர்வாகத்தைக் கொடுத்துட்டாங்க, 1962 ஆகஸ்ட் 16 அன்னிக்குச் சட்டப்படியும் கை மாத்திட்டாங்க. வார்த்தைங்க மட்டும் பட்டறையிலேயே தங்கிடுச்சு. இதுல புதுச்சேரிக்குத் தனிப் பெருமை எதுவும் இல்ல, உலகம் பூரா அப்படித்தான்.

'ஸ்டெப்னி' இன்னும் சுவாரஸ்யம். ஆரம்பக் காலக் கார்ல உபரிச் சக்கரமே கிடையாது. பஞ்சரானா நடுரோட்டுல உக்காந்து டயரைக் கழட்டி ஒட்டணும். 1904-ல வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊர்ல டேவிஸ் சகோதரர்கள் ரெண்டு பேர் ஒரு உபரிச் சக்கரம் தயாரிச்சு வித்தாங்க. அவங்க கடை இருந்த தெருவோட பேரு ஸ்டெப்னி தெரு. இங்கிலாந்துக்காரனே மறந்துபோன அந்தத் தெருவோட பேரை நெல்லித்தோப்புல பஞ்சர் ஒட்டுற தம்பி தினம் பத்து தடவை சொல்றான்.

பழைய மெக்கானிக்குங்க பெட்ரோல் பம்பை 'ஏ.சி. பம்ப்'னு சொல்லுவாங்க. இதுக்கும் ஏர் கண்டிஷனுக்கும் சம்பந்தம் இல்ல. பாரிஸ்ல பிறந்த ஆல்பர்ட் சாம்பியன்ங்கிற சைக்கிள் பந்தய வீரர் அமெரிக்கா போய் ஸ்பார்க் பிளக் கம்பெனி ஆரம்பிச்சார். அவர் பேரோட முதல் எழுத்துங்கதான் அந்த ஏ.சி. அதே மாதிரி டிஸ்ட்ரிபியூட்டரை 'டெல்கோ'ம்பாங்க. அது சார்லஸ் கெட்டரிங்கோட கம்பெனிப் பேரின் சுருக்கம். 1912 காடிலாக் கார்ல செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்து, ஹேண்டில் போட்டுச் சுத்திக் கையை உடைச்சுக்கிட்ட காலத்துக்கு முடிவு கட்ட ஆரம்பிச்சவர் இவர்தான்.

இந்த ஏ.சி. பம்பையும் டெல்கோவையும் ஞாபகம் வச்சுக்குங்க. கதையே இதுங்க ரெண்டுலதான் இருக்கு.

ஈரத்துணி

சுதந்திரத்துக்கு அப்புறம் காரை இறக்குமதி பண்றதுக்கு அரசாங்கம் கடிவாளம் போட்டுடுச்சு. மிஞ்சினது மூணு காருங்கதான். பிரிட்டனோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி 1957-லேருந்து வங்காளத்து உத்தர்பாராவுல தயாரான அம்பாசிடர். பம்பாய் ஃபியட், அதாவது பின்னாடி பத்மினின்னு பேர் மாறினது. சென்னையில 1961-லேருந்து தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. காசு கட்டிட்டு வருஷக் கணக்கா காத்திருக்கணும்.

அப்பா 1980-கள்ல ஒரு அம்பாசிடருக்கு கிளீனராப் போய்ச் சேர்ந்தார். அவர் கத்துக்கிட்ட முதல் பாடம் ஈரத்துணி. சித்திரை, வைகாசியில சென்னை சவாரி போனா, மதிய வெயில்ல திண்டிவனம் தாண்டினதும் வண்டி விக்கும், இருமும், நின்னுடும். பானெட்டைத் திறந்து ஏ.சி. பம்ப் மேல ஈரத்துணியைச் சுத்திட்டு, புளியமரத்தடியில கால் மணி நேரம் உக்காந்தா மறுபடி கிளம்பும். வேப்பர் லாக்.

இதுல நடக்கிறது சிம்பிள் பிசிக்ஸ். பெட்ரோல் ஒரே திரவம் கிடையாது, பல சமாச்சாரங்களோட கலவை. அதுல சிலது 35, 40 டிகிரியிலேயே ஆவியாக ஆரம்பிச்சிடும். அம்பாசிடர்ல பம்ப் இன்ஜின் மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், டேங்க் வண்டியோட பின்பக்கம். அவ்வளவு தூரத்திலிருந்து பம்ப் உறிஞ்சணும். உறிஞ்சுற பக்கம் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைஞ்சா கொதிநிலையும் குறையும். அதோட இன்ஜின் சூடும் சேர்ந்தா பைப்புக்குள்ள குமிழி. பம்ப் திரவத்துக்குப் பதிலா ஆவியை வச்சுக்கிட்டு சும்மா மூச்சு விடும்.

அடுத்த பாடம் மஞ்சள் தூள். ரேடியேட்டர் ஒழுகினா ஒரு கை மஞ்சள் தூளைப் போடு. தூள் ஊறி ஓட்டையில போய் அடைச்சுக்கும். (நல்ல குழாயையும் சேர்த்து அடைச்சுடும்ங்கிறது வேற விஷயம். ஊர் போய்ச் சேர்ந்ததும் கழுவணும்.) பெட்ரோல் டேங்க் ஒழுகினா 501 பார் சோப்பை ஈரத்தோட பிசைஞ்சு அப்பு. சோப்பு பெட்ரோல்ல கரையாது, அதனால நிக்கும். சி.பி. பாயிண்ட் கருகினா உப்புத்தாள். உப்புத்தாள் இல்லையா, தீப்பெட்டியோட உரசுற பக்கம். இடைவெளி இஞ்ச்ல ஆயிரத்துல பதினஞ்சு பங்கு. அப்பா அதைக் கண்ணாலயே வைப்பார்.

சின்ன வயசுல இதெல்லாம் அப்பாவோட சாமர்த்தியம்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா, அதுக்குப் பின்னாடி ஒரு பொருளாதார வரலாறு இருக்கு. அம்பாசிடர் 2014 மே மாசம் நிறுத்துற வரைக்கும், 57 வருஷம், பெருசா உருவம் மாறாமலே ஓடுச்சு. போட்டி இல்ல, அதனால கம்பெனிக்கு மாத்த வேண்டிய அவசியமும் இல்ல. 1960-ல இருந்த கோளாறுல பாதி 1985-லயும் இருந்துச்சு. அது வாங்கினவனுக்கு அநியாயம். ஆனா அதுல ஒரு பக்க விளைவும் உண்டு. ஒருத்தர் கண்டுபிடிச்ச வைத்தியம் இன்னொருத்தருக்கு அப்படியே பொருந்துச்சு. கிளீனர் டிரைவர்கிட்டயும், டிரைவர் மேஸ்திரிகிட்டயும் கத்துக்கிட்டது ஆயுசுக்கும் செல்லுபடியாச்சு. நம்ம பாஷையில சொன்னா, 57 வருஷம் வெர்ஷன் மாறாத சாஃப்ட்வேர். பக் அப்படியே இருக்கும், ஆனா எல்லாருக்கும் அந்த பக் தெரியும்.

நம்ம ஊருக்குன்னு ஒரு ஸ்பெஷல் வியாதியும் உண்டு. துரு. கடல் காத்துல வர்ற உப்பு, தகரத்தோட மடிப்புல உக்காந்து ஈரத்தை இழுத்து வச்சுக்கும். எங்க வண்டியில பின் சீட்டு மேட்டைத் தூக்கினா ரோடு தெரியும். நான் அது வழியா ரோட்டை வேடிக்கை பார்த்துக்கிட்டே ஸ்கூலுக்குப் போயிருக்கேன். வருஷா வருஷம் டிங்கரிங், பட்டி, பெயிண்ட். அப்பாவோட சம்பாத்தியத்துல கடலுக்கும் ஒரு பங்கு.

விளக்கு எரியுது

1983 டிசம்பர் 14 அன்னிக்கு முதல் மாருதி 800-ஐ இந்திரா காந்தி சாவி கொடுத்து ஒப்படைச்சாங்க. வண்டி நிக்காம ஓடணும்னு ஜனங்க எதிர்பார்க்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். ஆனா கோளாறோட முகமே மாறினது 2000-ஐ ஒட்டின வருஷங்கள்ல.

முதல்ல ஈயம். இன்ஜின் தட்டாம இருக்க பெட்ரோல்ல ஈயம் கலக்கலாம்னு 1921-ல அமெரிக்காவுல தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடிச்சார். பல பத்து வருஷம் உலகம் அந்த விஷத்தைச் சுவாசிச்சுச்சு, அதிகமா பாதிச்சது குழந்தைங்க மூளையை. இந்தியாவுல 2000 பிப்ரவரி 1 முதல் ஈய பெட்ரோல் முழுசா நின்னுச்சு. நல்ல விஷயம். ஆனா பழைய அம்பாசிடரோட வால்வு சீட்டுக்கு அந்த ஈயப் படிவுதான் மெத்தை மாதிரி இருந்துச்சு. மெத்தை போனதும் சீட்டு தேய ஆரம்பிச்சுச்சு. அப்பா ஹெட்டைக் கழட்டி கடினமான சீட் போட்டது அந்தச் சமயத்துலதான். இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்குறாங்க, பழைய வண்டிக்காரங்க ரப்பர் ஹோஸைப் பத்திக் கவலைப்படுறாங்க. பெட்ரோல் மாறும்போதெல்லாம் கூடவே ஒரு புதுக் கோளாறும் வரும் போல.

அடுத்தது, கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துச்சு. பம்ப் இன்ஜினை விட்டு டேங்குக்குள்ளேயே குடிபோச்சு. முன்னாடி உறிஞ்சினது, இப்ப பின்னாடியிலிருந்து அழுத்தித் தள்ளுது. அழுத்தம் கூடினா கொதிநிலையும் கூடும். வேப்பர் லாக்குங்கிற வியாதியே கிட்டத்தட்ட ஒழிஞ்சுபோச்சு. சி.பி. பாயிண்ட் ஒழிஞ்சுச்சு. டெல்கோவும் ஒழிஞ்சுச்சு. இன்னிக்கு மே மாச மத்தியானத்துல சென்னைக்கு 150 கிலோமீட்டர் ஏ.சி. போட்டுக்கிட்டு (இது நிஜ ஏ.சி.) நிக்காம போறோம்னா அதுக்குக் காரணம் இதுதான். அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரல. அப்பாவோட வலது முன்கையில ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெந்த தழும்பு இன்னும் இருக்கு.

பதிலுக்கு வந்தது ஒரு மஞ்சள் விளக்கு. செக் இன்ஜின் லைட். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட்ல ஸ்கேனரைச் சொருகினா பி0301-னு ஒரு கோடு வரும். ஒண்ணாம் நம்பர் சிலிண்டர்ல மிஸ்ஃபயர்னு அர்த்தம். அப்பா இதையே காதால கண்டுபிடிப்பார். ஒவ்வொரு பிளக் ஒயரா கழட்டிப் பார்ப்பார், எந்த ஒயரைக் கழட்டும்போது சத்தம் மாறலையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யல. ஸ்கேனர் சொல்றதும் அப்பா சொன்னதும் ஒரே விடை. ஆனா ஸ்கேனர் காசு கொடுத்தா கிடைக்குது.

புது வியாதிங்களும் வராம இல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வந்துச்சு. டீசல் வண்டியோட சைலன்சர் பாதையில புகைக்கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர். அது நிறைஞ்சா அந்தக் கரியை எரிச்சுத் தீர்க்க, வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்துல விடாம ஓடணும். நேரு வீதிக்கும் அண்ணா சாலைக்கும் நடுவுல ரெண்டு கிலோமீட்டர் உருட்டுறவனுக்கு அது எங்கே நடக்கும்? அடைச்சுக்கும், விளக்கு எரியும். மெக்கானிக் சொல்ற வைத்தியம்: "மரக்காணம் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க சார்."

ஏன் அம்பாசிடர் சாகல?

இப்ப அந்தக் கேள்விக்கு வருவோம்.

2005 மழைக்காலம். எனக்கு எட்டு வயசு. இந்திரா காந்தி சிலை சதுக்கத்துல எப்பவும் போல தண்ணி. அம்பாசிடர் நடுத் தண்ணியில 'புஸ்'னு நின்னுடுச்சு. அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்க, டீக்கடையில நின்ன நாலு பேர் கூப்பிடாமலே வந்து தள்ளினாங்க. மேட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து டெல்கோ மூடியைக் கழட்டி, துண்டால உள்ளே துடைச்சு, ஊதி, மாட்டினார். ஒரே செல்ஃப்ல கிளம்பிடுச்சு. "பாத்தியா, சளி பிடிச்சிருந்துச்சு, மூக்கைத் துடைச்சு விட்டேன்"னார்.

போன மாசம் திண்ணையில உக்காந்து ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தப்பதான் அது எனக்கு உறைச்சுச்சு. அம்பாசிடர்ல டெல்கோ இன்ஜினோட பக்கவாட்டுல இருக்கும். காத்து உள்ளே போற ஏர் கிளீனர் அதுக்கு மேல. தண்ணி தெறிச்சா முதல்ல நனையறது டெல்கோதான். நனைஞ்சா ஸ்பார்க் நின்னுடும், இன்ஜின் அணைஞ்சிடும். தண்ணி ஏர் கிளீனர் வழியா உள்ளே போறதுக்கு முன்னாடியே வண்டி செத்த மாதிரி நடிச்சுப் பொழைச்சுக்கும். அது கோளாறு. அதே சமயம் அதுதான் காவலும்.

என் வண்டியில அந்தக் கோளாறைச் சரி பண்ணிட்டாங்க. எல்லாம் சீல் போட்ட எலக்ட்ரானிக்ஸ், நனைஞ்சாலும் ஸ்பார்க் வரும். காத்து இழுக்கிற வாயும் பம்பர் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கு. ராத்திரி பூரா முங்கிக் கிடந்ததுல அது வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. காத்தை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. நான் சாவியைத் திருப்பினதும் பிஸ்டன் மேல வந்து தண்ணியில முட்டி, போக இடமில்லாம ராடு வளைஞ்சது. என்ன செஞ்சிருக்கணும்? பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு, தள்ளி மேட்டுல ஏத்தி, மெக்கானிக்கைக் கூப்பிட்டு பிளக்கெல்லாம் கழட்டினதுக்கு அப்புறம்தான் இன்ஜினைச் சுத்தணும். தண்ணி பிளக் ஓட்டை வழியா பீச்சிக்கிட்டு வெளியே வந்துடும். சில ஆயிரத்தோட போயிருக்கும்.

பழைய வண்டி வாரத்துக்கு ஒரு தடவை நிக்கும். நிக்கும்போதெல்லாம் ஏதாவது ஒண்ணைச் சொல்லிக் கொடுக்கும். புது வண்டி வருஷக் கணக்கா நிக்காது, அதனால எனக்கு அது எதையும் சொல்லிக் கொடுக்கல. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சு ஹைட்ரோஸ்டேடிக் லாக்குன்னு பரீட்சையில எழுதினவன் நான். மாடியிலிருந்து கத்தினவருக்கு அந்தப் பேர் தெரியாது, ஆனா விஷயம் தெரியும்.

"நான் கத்தினது காதுல விழலையாடா?"ன்னு அப்பா அன்னிக்குத் திண்ணையிலதான் முதல் தடவையா கேட்டார்.

"விழுந்துச்சுப்பா"ன்னேன்.

அவர் அதுக்கு மேல எதுவும் கேட்கல. டீ ஆறிப்போச்சுன்னு உள்ளே போயிட்டார்.

டிஸ்கி 1: அடுத்த மழைக்காலத்துக்கு முன்னாடி உங்க கார் இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்து, இன்ஜினுக்கான ஆட்-ஆன் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. தண்ணியில நின்ன வண்டியைத் தயவு செஞ்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க.

டிஸ்கி 2: உங்க வீட்டுலயும் லாரி, பஸ், டாக்ஸி ஓட்டின பெரியவங்க இருந்தா, மஞ்சள் தூள், பார் சோப்பு மாதிரி அவங்க செஞ்ச வைத்தியம் எதையாவது கேட்டுப் பின்னூட்டத்துல போடுங்க. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்.